பாதியில் நின்ற பெயர்

பமாக்கோ

என் மகனே,

நான் சொல்ல உன் அக்கா எழுதுகிறாள். யாரும் கவனிக்காத நடுக்களத்தில், பந்தைப் பறிக்கும் இடத்தில் இனி ஆடமாட்டேன், கோல் அடிக்கும் இடம் கேட்பேன் என்றாயாம். வேண்டாமப்பா.

நேற்று உன் கால்பந்து ஆட்டத்தை ரேடியோவில் கேட்டோம். வழிவழியாக நம் குலத்தைப் 'பயறுதின்னி' என்று கேலி செய்யும் முறைக்காரன் கூலிபாலி மூன்றாவது டீயை ஆற்றிக்கொண்டே, "உம் மவன் பேரையே காணோமே, பயறத் தின்னுட்டுத் தூங்குறானா?" என்றான்.

"பயறுதின்னி நீதான்டா, பொறு" என்றேன்.

கடைசி நிமிடம். கோல் அடிக்கப் பந்தோடு ஓடிவந்த எதிரணிக்காரனின் பெயரைக் கத்திக்கொண்டே வந்த அறிவிப்பாளர் பாதியில் நிறுத்திவிட்டார். பந்தைப் பறித்தது நீதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் சொல்லாத உன் பெயரைக் கூலிபாலிதான் தெருவே அதிரக் கத்தினான்.

டிவி அனுப்பாதே. கண் மருத்துவர் என்ன சொன்னார் என்றும் கேட்காதே. ரேடியோவில் எதிரணிக்காரர்களின் பெயர்கள் இப்படிப் பாதியில் நிற்கும்வரை உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

உன் அப்பா