டேங்குக்கு அடியில் போன ஒயர்

3.11.96, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. வீடு முழுக்க ஈரப் பனியன் நாற்றம்.

செல்வியின் அண்ணன் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். கணபதியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிற மச்சான். எந்தக் கம்பியையும் எதிலும் சுற்றத் தெரியும் என்று நினைப்பு. எனக்காக ஹீட்டர் கையுறை செய்திருக்கிறார். தோல் உறை, உள்ளே கரண்டில் சூடேறும் நிக்ரோம் கம்பி, அதன்மேல் கம்பளித் துணி. வாரம் ஒருநாள் மருந்துப் பையோடு கோத்தகிரி டாக்டர்களைப் பார்க்க புல்லட்டில் மலையேறுகிறேன். குளிரில் விரல் வெளுத்து மரத்துப்போகிறது. போன வாரம் பிரேக் பிடித்ததே தெரியவில்லை. ஆகவே கையுறை தேவைதான். நன்றாகவும் செய்திருக்கிறார்.

ஒயர்தான் கண்றாவி. பேட்டரியிலிருந்து ஹேண்டில் வரைக்கும் பெட்ரோல் டேங்குக்கு அடியில் ஒரே இழுப்பு. ஹேண்டில் கழுத்தில் துளி தளர்ச்சி இல்லை. ஹேண்டிலைத் திருப்பி வண்டியைப் பூட்டும்போதெல்லாம் கழுத்து இரும்பு ஒயரைக் கடிக்கும். ஒரு மாசமோ ரெண்டு மாசமோ, மேல்தோல் கிழிந்து உள்கம்பி இரும்பில் படும். அதற்கு மேலே பெட்ரோல். ஃபியூஸும் கிடையாது. எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்தவன், பார்த்ததும் தெரிந்தது.

"மச்சானுங்க, ஃபியூஸ் ஒண்ணு..." என்று இழுத்தேன்.

"எதுக்குங் மாப்ள? நான் போட்ட ஒயரிங் எதாச்சும் இதுவரைக்கும் எரிஞ்சிருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம் என்னுங்க?"

"ஒண்ணுமில்லீங்க. அருமையா இருக்குதுங்க."

அருமையாம்! தூ.

தன் சித்தப்பா வீட்டில் யாரோ இவர் சுற்றிய பம்பு மோட்டாரைக் குறை சொன்னதற்கு மூன்று வருஷமாய் அந்த வாசல் மிதிக்காத மனுஷன். எனக்கு எதற்கு வம்பு. கறிக்குழம்பு, ரெண்டு தரம் சோறு, ஏப்பம். போனார்.

5.11, செவ்வாய்

லீவு. செல்வி பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்கப் போனதும் டேங்கைக் கழற்றினேன். மச்சான் போட்ட ஒயரை உருவி, வண்டியின் பழைய ஒயர்க் கட்டோடு சேர்த்துக் கொண்டுபோய், கழுத்தருகே நாலு விரக்கடை தளர்ச்சி விட்டேன். பேட்டரி பக்கத்தில் ஃபியூஸ். ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்த்தேன். எங்கும் இடிக்கவில்லை.

சீட்டுக்கு அடியில் எலிப்புழுக்கை. ஒரு குடும்பமே நடத்தியிருக்கிறது கருமம். மூன்று தரம் சோப்புப் போட்டும் கையில் அந்த வீச்சம்.

மேலாகப் பார்த்தால் மச்சான் போட்டது போலவே இருக்கிறது. செல்வியிடம் சொல்லவில்லை. சொன்னால் பொழுது சாய்வதற்குள் கணபதிக்குப் போய்விடும்.

14.11, வியாழன்

கோத்தகிரி. பனி முகத்தில் அறைந்தது. போண்டாவில் ஒரு வார எண்ணெய். நான் பேசப் பேசப் பல் குத்திக்கொண்டிருந்த டாக்டர், கடைசியில், "சாம்பிள் மட்டும் வெச்சுட்டுப் போங்க." கை மட்டும் சுகம். விரல் பத்தும் உயிரோடு இருந்தன.

இறங்கி எஸ்.டி.டி. பூத்திலிருந்து மச்சானுக்குப் போன்.

"எப்பிடிங் மாப்ள?"

"சூப்பருங்க. உங்க ஒயரிங் கல்லு மாதிரி இருக்குதுங்க."

சூப்பரோடு நிறுத்தியிருக்கலாம். ரெண்டாவது பேச்சை யார் கேட்டார்கள்?

28.11, வியாழன்

மச்சான் வீட்டில் சாப்பாடு. கோத்தகிரியில் ஒரு டீ ஃபேக்டரியின் மோட்டார் வேலை மொத்தமும் அவருக்குக் கிடைத்திருக்கிறது. சந்தோஷத்தில் மீசை துடிக்கிறது. இனி அவரும் வாரம் ஒருநாள் மலையேறுவார்.

"உங்களுக்குப் போட்டத அப்பிடியே என்ற வண்டிக்கும் போட்டுட்டனுங்க. கையொறை கூட ரெடி."

அப்படியே. டேங்குக்கு அடியில், ஃபியூஸ் இல்லாமல்.

சொல்ல வாய்த்த இடங்கள்:
இலை போடும்போது.
கை கழுவும்போது. குழாயடியில் ரெண்டு பேர் மட்டுந்தான்.
வண்டியைக் காட்ட வாசலுக்குக் கூட்டிப்போனபோது. ஹேண்டிலைத் திருப்பிப் பூட்டிக் காட்டினார். அது ஒயரைக் கடிப்பதை என் கண்ணால் பார்த்தேன்.

"ஜம்முனு இருக்குதுங்க" என்றேன். பாயசம் ஒரே இனிப்பு. இன்னமும் நெஞ்சைக் கரிக்கிறது.

9.12, திங்கள்

அடுத்த ஞாயிறு சொல்லிவிடுவது. கட்டாயம்.

15.12, ஞாயிறு

சொல்லவில்லை. அவர் கடைக்கு ஆள் வந்துவிட்டார்கள். சாக்கு.

19.12, வியாழன்

மத்தியானம் ஆபீசுக்குப் போன். கோத்தகிரி ரோட்டில் மச்சானின் வண்டி தீப்பிடித்துவிட்டது. குதித்துவிட்டார். ஆனால் எரிகிற ஒயரைப் பிடித்து இழுத்திருக்கிறார் பாவி மனுஷன். வலது கை முழங்கை வரைக்கும் வெந்துவிட்டது. தொடையிலும் காயம். உயிருக்கு ஒன்றுமில்லை.

கம்பி சுற்றுகிற கை.

22.12, ஞாயிறு

ஆஸ்பத்திரி. பினாயில், சீழ், பக்கத்துக் கட்டில்காரரின் ஆரஞ்சுத் தோல், எல்லாம் கலந்த நாற்றம். அதைவிட நான்தான் நாறினேன்.

"எதுல புடிச்சுதுன்னே தெரியலீங் மாப்ள. வண்டி மொத்தமும் கருகிப்போச்சு. உங்குளுதும் நான் போட்டதுதான? அது நல்லாத்தான ஓடுது?"

"ஓடுதுங்க."

"வந்து ஒருக்கா கழட்டிப் பாக்கோணும். எங்க தப்பு பண்ணுனேன்னு தெரிஞ்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

தலையாட்டினேன். ஆட்டிய தலையைக் கழற்றி எறியலாம் போலிருந்தது.

5.1.97, ஞாயிறு

நல்ல வெயில். வியாழக்கிழமை மச்சானை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் வண்டியைப் பார்க்க வருகிறார் என்று செல்வி சொன்னாள்.

மத்தியானம் சாப்பிட்டதும் டேங்கைக் கழற்றினேன். எதற்கு என்று எழுதவே அருவருப்பு. ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஒயரை மறுபடி அவர் போட்ட தடத்திலேயே இழுத்து இறுக்கினேன். நாற்பத்திரண்டு வயசு. ரெண்டு பிள்ளைக்கு அப்பன்.

டேங்க் தரையில் கிடக்கும்போதே ஆட்டோவில் வந்து இறங்கினார். கை முழுக்கக் கட்டு.

"எனக்காகக் கழட்டியே வெச்சுட்டீங்களாட்ட இருக்குது."

"ஆமாங்க."

குந்தி உட்கார்ந்து இடது கையால் ஒயரை முழுசும் தடவினார். முகம் அப்படியே தெளிந்துவிட்டது.

"பாருங் மாப்ள! ரெண்டு மாசமாச்சு, ஒரு கீறல் இல்லீங்க. அப்ப ஒயரிங்ல தப்பில்ல. என்ற கெரகந்தான்."

செல்வி காபியோடு வந்தாள். அவளிடம் திரும்பி, "ஆர்டர உடறதா இல்ல அம்மணி. கட்டுப் பிரிச்சதும் வேற வண்டி. இதே மாதிரி போட்டுக்கறேன்."

பையிலிருந்த ஃபியூஸை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"இதே மாதிரி போடாதீங்க மச்சான். நீங்க போட்ட மூணாம் நாளே நான் மாத்திட்டேன். பூட்டறப்ப இரும்பு ஒயரக் கடிக்கும்னு அன்னைக்கே தெரியும். இன்னைக்கு நீங்க வாரீங்கன்னுதான் திருப்பிப் பழைய மாதிரி போட்டு வெச்சேன்."

ஃபியூஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை.

"என்ற வண்டியக் காட்டுனப்பவும் தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க."

கையை ஊன்றி எழப் பார்த்தார். கட்டுப் போட்ட கை. பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, தானே சுவரைப் பிடித்து எழுந்தார். செல்வி கூப்பிடக் கூப்பிடப் பஸ் ஸ்டாப் பக்கமாக நடந்து போய்விட்டார்.

"எங்கண்ணன்கிட்ட நல்ல பேர் வாங்கறதுக்கு எங்கண்ணன் கையவே குடுத்தீங்களா?" என்றாள் செல்வி.

டேங்க் இன்னும் வாசலில் கிடக்கிறது.