காய்ச்சல் விட்ட நாள்

நவம்பர் 3, திங்கள்

செஞ்சி அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தாயிற்று. ஹவுஸ் சர்ஜனாக இதுதான் கடைசிப் போஸ்டிங். குழந்தைகள் வார்டுக்கு எங்கள் கல்லூரியிலிருந்து நானும் தனசேகரனும். அறையில் ஃபேன் சுற்றும்போது கட்டிலும் சேர்ந்து ஆடுகிறது.

வார்டின் தலைமை ஷோபனா மேடம். நான் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, அதற்குள் கூப்பிட்டு அனுப்பினார். "இந்தத் தடவை நீங்க பேஷண்ட் மட்டும் பார்க்கப்போறதில்ல. மூணாம் வருஷப் பசங்க வராங்க. ஆளுக்கு நாலு பேர். பெட் பக்கத்துல நின்னு நீங்கதான் சொல்லிக் கொடுக்கணும்."

நானா? இன்னும் ஊசி போடும்போது மனதுக்குள் மாதாவைக் கூப்பிடுகிற ஆள் நான்.

நவம்பர் 7, வெள்ளி

சொல்லிக் கொடுப்பது எப்படி என்று எங்களுக்கே ஒரு வகுப்பு. தனசேகரன் ஜூனியராக நடித்தான், நான் கேள்வி கேட்டேன். தெரியலை என்று தலையைச் சொறிந்து அப்படியே நடித்தான். "இது கூடத் தெரியாம இன்னாத்துக்கு வந்த?" என்று என் வாயிலிருந்து வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது என் குரல் இல்லை. மூன்றாம் வருஷத்தில் ஒரு சார், ஒரு குழந்தையின் அம்மா முன்னால் என்னைக் காட்டி, "இவ டாக்டராயி யார் உசிரை எடுக்கப்போறாளோ" என்றார். அந்த அம்மா குழந்தையை என் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்துக்கொண்டாள். அந்தக் கை நகர்ந்தது இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது.

என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு அப்படி நடக்க விடமாட்டேன். தப்பு செய்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வேன். பேஷண்ட் முன்னால் ஒரு வார்த்தை கிடையாது.

நவம்பர் 13, வியாழன்

என் நாலு மாணவர்களில் அன்புச்செல்வன்தான் குழந்தைகளுக்குப் பிடித்தவன். பக்கத்துத் தொண்டூர்க்காரன். நைனா கொத்தனார், வீட்டில் இவன்தான் முதல் டாக்டர். கையுறையை ஊதிச் சேவல் செய்து கொடுக்கிறான். ஊசிக்கு அழுகிற குழந்தை அந்தச் சேவலைப் பார்த்து வாயை மூடுகிறது. படிப்பில் நடுத்தரம். ஆனால் அம்மாக்களிடம் உட்கார்ந்து பேசுகிறான். நானே அப்படிப் பேசியதில்லை.

தனசேகரனின் பிள்ளைகள் அவன் நிழலைப் பார்த்தாலே நடுங்குகிறார்கள். கேட்ட கேள்விக்கு டக் டக்கென்று பதிலும் சொல்கிறார்கள், அது வேறு விஷயம். இன்று மேடம் மாணவர்களிடம் கருத்து கேட்டிருக்கிறார். "ஜெயராணி அக்காகிட்ட மட்டும் பயமில்லாம பேசலாம்" என்றார்களாம். ரொம்ப சந்தோஷம். அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "சரி, ஞாயித்துக்கெழம பூசைக்கு வரியா இல்லியா?" என்றாள்.

நவம்பர் 17, திங்கள்

மழை விட்டும் விடாமலும். வார்டு முழுக்க டெங்கு. ஒரு பெட்டில் இரண்டு பிள்ளைகள்.

மேல்மலையனூரிலிருந்து ஒரு பெண் குழந்தை, நிலா. இரண்டாம் வகுப்பு. நல்ல காய்ச்சல். அம்மா கலைவாணி, அப்பா விநாயகம். கோயில் வாசலில் எலுமிச்சம்பழம், குங்குமம், வேப்பிலை விற்கிற கடை. கலைவாணி வந்ததிலிருந்து ஒரே கேள்வி: "அமாவாசைக்குள்ள உட்ருவீங்களா டாக்டரம்மா? அன்னிக்கிக் கடைல ஆளு பத்தாது."

பார்க்கலாம் என்றேன். அன்பு ஒரு சேவல் செய்து கொடுத்தான். நிலா அதற்குப் பொட்டு வைக்கச் சொன்னாள்.

நவம்பர் 19, புதன்

மனசு சரியில்லை. வரிசையாக எழுதினால்தான் எனக்கே புரியும்.

காலையில் நிலாவுக்குக் காய்ச்சல் இல்லை. எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாளாம். டெங்குவில் இதுதான் மோசமான கட்டம் — காய்ச்சல் இறங்கும்போதுதான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது. அதற்கப்புறம் ஒன்றிரண்டு நாள் கண்ணெடுக்காமல் பார்க்கணும். போன வாரம்தான் இதை என் பிள்ளைகளுக்கு நடத்தினேன். அன்பு எழுதிக்கொண்டான்.

ரவுண்ட்ஸ் முடிந்து அடுத்த பெட்டுக்கு நகர்கிறோம். அன்பு மட்டும் நிலா பக்கத்தில் நின்றான். கலைவாணி அவன் கையைப் பிடித்துக் கேட்கிறாள், "காச்ச உட்டுச்சே தம்பி, இனிமே பயமில்லியே?" இவன் சிரித்துக்கொண்டு, "அதான் விட்டுடுச்சே அக்கா. பாப்பா நல்லாயிட்டா. வீட்டுக்குப் போயிடலாம்" என்றான்.

எனக்குக் காதில் விழுந்தது. தெளிவாக விழுந்தது.

அங்கேயே சொல்லியிருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்தேன். அந்த அம்மா அவனைச் சாமியைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் இவனை எப்படி... டீ குடிக்கும்போது தனியாகச் சொல்லலாம், பிறகு நானே கலைவாணியிடம் வந்து பேசலாம் என்று நகர்ந்துவிட்டேன். டீக்குப் போகும் முன்பே ஒரு கைக்குழந்தை ஜன்னியோடு வந்தது. அதிலேயே இருந்துவிட்டோம்.

மத்தியானம் பெட் காலி. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சேவலையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

விநாயகத்துக்குப் போன் மேல் போன். அடிக்கிறது, எடுக்கவில்லை. இன்று ராத்திரி அமாவாசை, கோயில் கூட்டத்தில் எங்கே கேட்கும்? மேடம் மேல்மலையனூர் நர்ஸம்மாவுக்குப் போன் செய்து தேடச் சொன்னார். வீடு பூட்டியிருக்கிறது, கடைப் பக்கம் போகவே முடியவில்லை என்றாராம். அன்பு தானே போய்க் கூட்டிவருகிறேன் என்று கிளம்பினான். பஸ் ஸ்டாண்டில் சிறப்புப் பேருந்துகளில் கால் வைக்க இடமில்லை, தொங்கிக்கொண்டுதான் போனான். இன்னும் வரவில்லை.

அந்தோணியாரே, அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது.

நவம்பர் 20, வியாழன்

போயிடுச்சு.

விடியும்போது ஆட்டோவில் தூக்கிட்டு வந்தாங்க. அன்புதான் மடியில வெச்சிருந்தான். ராத்திரி முழுக்கக் கூட்டத்துல தேடி, விடியக்காலையிலதான் கடைக்குப் பின்னாடி தார்ப்பாய்ல படுத்திருந்ததைப் பார்த்திருக்கான். கை காலெல்லாம் சில்லுன்னு. நாடியே கிடைக்கலை. வயிறு உப்பி இருந்துச்சு. மேடம், தனசேகரன், நான் — எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சோம். ரத்தம் கொடுத்தோம். ஆம்புலன்ஸ் வாசல்ல நின்னுது, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏத்தற நெலமையே வரலை.

கலைவாணி அழல. என் கையைப் பிடிச்சுட்டுத் திரும்பத் திரும்ப ஒண்ணையே சொன்னா. "காச்ச வரவேயில்லியே டாக்டரம்மா. தொட்டுத் தொட்டுப் பாத்துக்கினேதான இருந்தோம். சில்லுனு இருந்திச்சே. நல்லாயிடிச்சின்னு சந்தோசப்பட்டோமே."

சில்லுன்னு இருந்துச்சாம். சந்தோஷப்பட்டாங்களாம்.

நவம்பர் 21, வெள்ளி

வார்டுக்குப் போனேன். வந்தேன்.

நவம்பர் 24, திங்கள்

விசாரணை. மேடம் அறை. விநாயகம் சுவரோரம் நின்றார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. குரல் உயர்த்தவே இல்லை. "நாங்களா போல சார். டாக்டர் தம்பி போலாம்னாரு. அதனாலதான் போனோம்."

கல்லூரியிலிருந்து வந்த பெரியவர், "எந்தத் தம்பி?" என்றார்.

அன்பு எழுந்து நின்றான். "நான்தான் சார்." வேறு ஒன்றும் சொல்லவில்லை. காய்ச்சல் விட்டால்தான் ஆபத்து என்று ஜெயராணி அக்கா எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை என்று அவன் பொய் சொல்லியிருக்கலாம். அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டே நான் பக்கத்தில் நின்றேன் என்று உண்மையையாவது சொல்லியிருக்கலாம். இரண்டும் சொல்லவில்லை.

நான் எழுந்தேன். "அவன் சொன்னப்ப நான் ரெண்டடி தள்ளி நின்னேன் சார். கேட்டேன். திருத்தல."

"ஏன்?"

பேஷண்ட் முன்னாடி ஜூனியரைத் திருத்தக் கூடாதுன்னு — சொல்லும்போதே அந்தப் பதில் எவ்வளவு கேவலமா இருந்துச்சு. விநாயகம் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

அன்பு இந்தப் போஸ்டிங்கை முதலிலிருந்து மறுபடி செய்யணும். எனக்கு இங்கேயே நீட்டிப்பு. வெளியே வந்ததும் மேடமிடம் சொல்லிக் கொடுக்கிற வேலையிலிருந்து என்னை விட்டுவிடுங்கள் என்றேன். அவருக்கும் கண் சிவந்துதான் இருந்தது. "வேற ஆள் இல்லம்மா. புது பேட்ச் வருது. போய்த் தூங்கு."

நவம்பர் 30, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. அன்பு விடுதியில் இல்லை, போனும் அணைத்திருந்தான். தொண்டூருக்குப் பஸ் ஏறினேன்.

ஒரு புது வீட்டு வாசலில் அவன் நைனாவுக்குக் கலவை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். தலை முடியெல்லாம் சிமெண்ட். என்னைப் பார்த்ததும் அவர்தான் பதறி முண்டாசை அவிழ்த்தார். "வாங்கம்மா. நீங்களாவது சொல்லுங்க. சோறு துன்ன மாட்டேன்றான். படிப்பு வாணான்றான்."

இருவரும் செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்தோம். அவன் மண்வெட்டியைக் கீழே வைக்கவே இல்லை.

"நீ சொன்னது தப்பு அன்பு," என்றேன். "நான் கேட்டுட்டுச் சும்மா போனது அதைவிடப் பெரிய தப்பு."

"அந்தப் பாப்பா என் மடியிலதான்க்கா இருந்திச்சி. ஆட்டோல வரும்போது தண்ணி கேட்டுது. கொஞ்சம் கொஞ்சமா குடுத்தேன். அப்புறம் கேக்கல."

அவன் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி வைக்கப் பார்த்தேன். விடவில்லை.

"நீங்க ஏன்க்கா அப்பவே என்னைத் திட்டல?" அவன் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான். "தனசேகரன் அண்ணன்னா அங்கியே கிழிச்சிருப்பாரு. எனக்கு அசிங்கமா இருந்திருக்கும். அவ்ளோதான?"

அவ்வளவுதான்.

எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண், "இன்னாம்மா ஆச்சி, ஏன் அழுவுற?" என்று கேட்ட பிறகுதான் நான் அழுகிறேன் என்றே எனக்குத் தெரிந்தது.

டிசம்பர் 4, வியாழன்

புது பேட்ச். மணிமொழி என்று ஒரு பெண், ஒரு அம்மாவிடம் "சாதாரண சளிதான்" என்றாள். "உன்னை யார் சொல்லச் சொன்னது?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். குழந்தைக்கு உண்மையிலேயே சாதாரண சளிதான்.

தனசேகரன் பின்னாலேயே வந்தான். "என்னைவிட மோசமா கத்துற ஜெயா." கிண்டல் செய்கிறானோ என்று பார்த்தேன். இல்லை.

டிசம்பர் 5, வெள்ளி

மணிமொழி இன்று ஒரு குழந்தையின் மூச்சு வேகமாக இருப்பதைப் பார்த்திருக்கிறாள். என்னிடம் வரப் பயந்து தனசேகரனைத் தேடிப் போயிருக்கிறாள். அவனிடம்! நல்ல வேளை, அவன் பக்கத்திலேயே இருந்தான். ஆக்சிஜன் வைத்தோம், குழந்தை தேறிவிடும்.

வாயை மூடினால் ஒரு பிள்ளை போகிறது. கத்தினால் இன்னொன்று போகப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவில் எப்படித்தான் பேசுவது?

டிசம்பர் 9, செவ்வாய்

மணிமொழியிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்று அவள் ஒரு அம்மாவிடம் ஏதோ தப்பாகச் சொன்னாள். "இரு மணிமொழி, அதை நான் மாத்திச் சொல்றேன்" என்று அங்கேயே, அந்த அம்மாவுக்கும் கேட்கும்படி சொன்னேன். கத்தவில்லை. மணிமொழிக்கு முகம் சிவந்தது. அம்மா குழந்தையை எங்கேயும் நகர்த்தவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்துத் தலையாட்டினாள்.

இவ்வளவுதானா? இந்த ஒரு வரிதானா?

டிசம்பர் 16, செவ்வாய்

அன்பு வந்திருக்கிறான். வாசலிலேயே வெகுநேரம் நின்றானாம். யாருடைய பேட்சில் சேர்கிறாய் என்று மேடம் கேட்டதற்கு, "ஜெயராணி அக்கா பேட்ச்" என்றிருக்கிறான். குழந்தைகளிடம் பேசுகிறான். அம்மாக்களிடம் பேசுவதில்லை. சேவல் செய்வதில்லை.

ஜனவரி 9, வெள்ளி

கலைவாணி வந்து நாலு நாளாகிறது. இதுவரை எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை. நிலாவின் தம்பிக்குக் காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு இதே வார்டுக்கு வந்தாள். திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இங்கே ஏன் வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. டெங்கு இல்லை, வேறு வைரஸ் காய்ச்சல். காய்ச்சல் விட்டு, ரத்தமெல்லாம் சரியாகி, பையன் வார்டு முழுக்க ஓடுகிறான். இன்று வீட்டுக்கு அனுப்பலாம் என்று மேடம் எழுதிவிட்டார்.

சொல்ல வேண்டியது நான். பெட்டுக்குப் பக்கத்தில் போய், பையன் நன்றாக இருக்கிறான், வீட்டுக்குப் போகலாம் என்றேன். கலைவாணி பையை எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. வந்ததிலிருந்தே என்னிடம் பேசுவதில்லை, கேட்பதெல்லாம் நர்ஸிடம்தான். எனக்குப் பின்னால் அன்பு நின்றிருந்தான்.

"நீ சொல்லு தம்பி," என்றாள் அவனைப் பார்த்து. "போலாமா?"

அது கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. குரலில் ஒன்றுமே இல்லை. நான் நடுவில் புகுந்து அவனைக் காப்பாற்றியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அவன் கையைக் காட்டி என்னை நிறுத்தினான்.

பையனைப் பிடித்துப் படுக்க வைத்தான். கை, கால் தொட்டுப் பார்த்தான். நாடி பார்த்தான். வயிற்றை அமுக்கிப் பார்த்தான். எப்போது மூத்திரம் போனான், என்ன தின்றான் என்று கேட்டான். பிறகு அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"பையன் நல்லா இருக்கான்க்கா. ஆனா போலாம்னு என் வாயால சொல்ல முடியல. இன்னைக்கு இங்கியே இருங்க. நாளைக்கி டாக்டர் அக்காவும் நானும் சேர்ந்து பாத்துட்டுச் சொல்றோம்."

என்னை நிமிர்ந்து பார்த்தான். "இருக்கட்டும்" என்றேன். தேவையில்லாமல் ஒரு பெட் போகிறது என்று மேடம் கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

கலைவாணி ரொம்ப நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து புடவையை உதறி இழுத்துச் செருகினாள்.

"காலைலேந்து மொகங்கூடக் கழுவல," என்றாள். "இவன கொஞ்சம் புடிச்சிக்க. ஓடிடுவான்."

பையனை அவன் மடியில் உட்கார வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனாள். திரும்பி வரும்வரை அன்பு அசையவே இல்லை.