கிழக்கே ஆறடிப் பாதை

மார்ச் 4, செவ்வாய்

பத்திரம் பதிவாகி ஐந்து நாள். இன்றும் பல் துலக்குவதற்கு முன் அலமாரியைத் திறந்து பார்த்தேன். இருக்கிறது. எங்கே போய்விடும்? இருந்தாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கீழே ஓர் அறையும் சமையலறையும். அதில் நான். மேலே இரண்டு அறை. அதில் டியூஷன் டீச்சர், வாடகைக்கு. இனி என் சாப்பாடு அந்த வாடகையில்தான். பத்திர எழுத்தர் அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் தட்டச்சு செய்ததற்குக் கடைசியில் கொடுத்த தொகை முழுவதும் இந்தச் சுவர்களுக்குள் போய்விட்டது.

மாப்பிள்ளை சொன்னது காதிலேயே நிற்கிறது. "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு அத்தை வீடு? நம்ம வீட்டுல ஒரு கட்டில் போட்டா ஆச்சு." ஒரு கட்டில். என்னை எங்கே கிடத்துவது என்று அளந்தே வைத்திருக்கிறார்.

தரகு வேலைக்கான போர்டு வந்தது. 'வீடு, மனை வாங்க, விற்க' என்று எழுதி, கீழே என் தொலைபேசி எண். அதில் ஓர் இலக்கம் தப்பு. பெயிண்டரைத் திருப்பி அனுப்பினேன். என் கை ஒரு பிழையும் விட்டதில்லை. என் வாசலில் தொங்கவிடுவேனா?

மார்ச் 7, வெள்ளி

ஒரு தம்பதிக்கு வீடு காட்டினேன். என் நாலாவது முயற்சி. உள்ளே போனதும் பத்திரத்தை எடுத்து நான்கெல்லையையும் வாசித்தேன். அந்தப் பெண் அதற்குள் சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தரகர்களுக்கு இது எப்படித்தான் தெரிந்ததோ. "டைப்பிஸ்ட் அக்கா, பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட பொண்ணக் காட்டாம ஜாதகத்தையே வாசிச்சா எப்படி?" எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். வீடு பொய் சொல்லும். பத்திரம் சொல்லாது. அதை நம்பித்தான் என் வீட்டையே வாங்கினேன். வீட்டை முன்பக்கம் நின்று பார்த்தேன், அவ்வளவுதான். பத்திரத்தை ஒன்பது முறை படித்தேன்.

இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது: ஏன் ஒருமுறைகூடச் சுற்றிப் பார்க்கவில்லை?

மார்ச் 11, செவ்வாய்

விற்றுத் தரச் சொல்லி என்னிடமே நேராக வந்த முதல் வீடு கிடைத்தது. பக்கத்து வீடேதான். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவில் ரயில்காரர் என்றுதான் சொல்கிறார்கள். மனைவிக்கு முழங்கால் போய்விட்டது. விற்றுவிட்டு மகன் ஊரில் தரைத்தளமாக ஒரு வீடு பார்க்க வேண்டுமாம். "தெரிஞ்சவங்களாப் போயிட்டீங்க. நீங்களே முடிச்சுக் குடுங்க" என்று பத்திரத்தைக் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து படித்தேன். மேற்கு எல்லை: என் வீட்டுச் சுவர்.

இன்னொரு முறை படித்தேன். சுவர். பாதை அல்ல.

என் பத்திரத்தில் கிழக்கே ஆறடிப் பொதுப் பாதை. மாடிக்குப் போகும் படி நிற்பது அந்தப் பாதையில்தான். மாடிக்கு வேறு வழி கிடையாது. இரண்டு பத்திரமும் எப்படி உண்மையாக இருக்கும்?

டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். அவருடைய அளவு அவர் சுவரோடு நிற்கவில்லை. படியைத் தாண்டி வந்து என் சுவரைத் தொட்டது. மறுபடி அளந்தேன். மாடியிலிருந்து டீச்சர், "என்னம்மா தேடறீங்க, ஏதாவது தொலஞ்சு போச்சா?" என்று கேட்டாள்.

மார்ச் 12, புதன்

சோறு இறங்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

பதிவு அலுவலகத்தில் மனுப் போட்டுப் பழைய பத்திர நகல்களை வாங்கினேன். என் வீட்டின் மூலப்பத்திரத்தில் பாதையே இல்லை. கிழக்கே அடுத்த மனை என்று மட்டும் இருக்கிறது. இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய பத்திரத்தில்தான் முதன்முதலாகப் பாதை வருகிறது.

அந்தப் பத்திரத்தில் 'ழ' எல்லாவற்றுக்கும் வால் உடைந்திருக்கிறது. அது என் தட்டச்சு இயந்திரம்.

எப்படி நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா? புதுப் பத்திரம் எழுத அதே தெருவின் வேறொரு பத்திரத்தை முன்னால் வைத்துக்கொள்வோம். பெயரை மாற்று, தேதியை மாற்று, எல்லையை மாற்று. மூன்று எல்லையை மாற்றியிருக்கிறேன். நாலாவதை அப்படியே அடித்துவிட்டேன். யாரோ ஒருவருடைய பாதையைத் தூக்கி இங்கே வைத்திருக்கிறேன். வாங்கியவர் அந்த வரியை நம்பிப் படியை வெளியே கட்டினார். அவரிடம் வாங்கியவரின் பத்திரத்துக்கும் அதே வரி போனது. நானும் அதே வரியை நம்பி இந்த வீட்டை வாங்கினேன்.

பஸ்ஸில் வரும்போது இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். 

மார்ச் 17, திங்கள்

தெருமுனைப் பேக்கரிக்காரர் வீடு கேட்டு வந்தார். ரயில்காரரின் வீட்டை வெளியே நின்றே பார்த்தார். விலைகூடப் பேசவில்லை. இடையில் கிடக்கும் அந்தத் துண்டு நிலத்தில் கால் வைத்து நின்று, "இத அடைச்சு அடுப்பு போட்டா அம்சமா இருக்கும். இது இந்த வீட்டோடதுதானே?" என்றார்.



அவர் அடைத்தால் படி போகும். படி போனால் டீச்சர் போவாள், வாடகை போகும். அப்புறம் மாப்பிள்ளை வீட்டுக் கட்டில்தான்.

"இந்த வீட்டுக்கு வேற பார்ட்டி பேசி முடிச்சிட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு சரளமாக வந்தது அந்தப் பொய். பெஞ்சுத் தரகர்கள் கேட்டிருந்தால் எழுந்து இடம் விட்டிருப்பார்கள்.

மார்ச் 20, வியாழன்

மகள் பேசினாள். "ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு?" சளி என்றேன். "வீடெல்லாம் சரியா இருக்கா?" பிரமாதமா இருக்கு என்றேன். ஒரே நிமிடத்தில் இரண்டு பொய். அவளிடம் சொன்னால் மாப்பிள்ளைக்குப் போகும். அவர் திட்ட மாட்டார். வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடப்பார். திட்டினால்கூடத் தாங்குவேன்.

மார்ச் 24, திங்கள்

ரயில்காரர் வாசலில் நின்றார். "ஏம்மா, யாராச்சும் வந்தாங்களா?" இல்லை என்றேன். "பேக்கரிக்காரர் வந்து நின்னதா இவ சொன்னாளே." சும்மா தெருவைப் பார்க்க வந்தார் என்றேன். அவர் தலையாட்டினார். உள்ளே அவர் மனைவி நாற்காலியைத் தள்ளித் தள்ளி நடக்கும் சத்தம். கட்டிலிலிருந்து அடுப்புக்கு எத்தனை தள்ளு என்று எனக்கு இப்போது கணக்கே தெரியும். பதினான்கு.

படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே எட்டிப் பார்க்கிறேன். டியூஷன் பிள்ளைகள்தான். ஒவ்வொரு காலும் அடுத்தவர் மண்ணில்.

மார்ச் 26, புதன்

சொல்லிவிட்டேன்.

என் பத்திரம், அவர் பத்திரம், நான் அடித்த பழைய பத்திரத்தின் நகல், மூன்றையும் அவர் மேஜையில் விரித்து வைத்தேன். பேக்கரிக்காரரிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் படித்தார்.

"அந்தப் படி கட்டினப்போ நான் வண்டியில இருந்தேம்மா. நாலு நாள் கழிச்சு வந்து பாத்தா எட்டுப் படி ஏறி நிக்குது. கேட்டேன். அவன் பத்திரத்தக் காட்டினான். டைப் அடிச்சு, சீல் போட்டு. அதுக்கு மேல நான் என்னத்தப் பேச? என் அப்பாதான் அளக்கத் தெரியாம வாங்கிட்டார்னு நெனச்சேன். அவரு சாகுற வரைக்கும் அதச் சொல்லிக் காட்டினேன்."

நான் வால் உடைந்த ஒரு 'ழ' மேல் விரலை வைத்தேன். 

"வேற தரகரத்தான் பாக்கணும்னு தோணுது" என்றார். "ஆனா இத முதல்லேருந்து இன்னொருத்தன்கிட்ட சொல்லத் தெம்பு இல்ல. அந்த பேக்கரிக்காரர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க."

அவர் மனைவி டீ கொண்டு வரவில்லை. போன வாரம் கொண்டு வந்தாள்.

மார்ச் 27, வியாழன்

பேக்கரிக்காரரிடம் போனேன். மாவுக் கையோடு கேட்டுக்கொண்டிருந்தார். "பேசி முடிச்ச பார்ட்டி என்னாச்சு?" அப்படி ஒரு பார்ட்டியே இல்லை என்றேன். "அப்ப ஏன் அப்படிச் சொன்னீங்க?" பயம் என்றேன். அவ்வளவு சின்னச் சொல். வேறு எதுவும் அகப்படவில்லை. "படிய எடுத்துக் குடுத்தீங்கன்னா வாங்கிக்கறேன்" என்றார்.

ஏப்ரல் 3, வியாழன்

பாதையை நீக்கிப் பிழைதிருத்தல் பத்திரம் எழுதப் பழைய அலுவலகத்துக்கே போனேன். முதலாளியின் மகன் கம்ப்யூட்டரில் தட்டினான். முதலாளி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். நீங்கள் கையெழுத்துப் போட்ட பத்திரம், படித்துப் பார்த்திருக்கலாமே என்று கேட்டும் விட்டேன். கேட்காமல் இருக்க என்னால் முடியாது.

"நீங்க அடிச்சுக் குடுத்த எதையும் நான் படிச்சதே இல்லம்மா" என்றார். "நீங்க அடிச்சா சரியாத்தானே இருக்கும்."

முப்பத்தோரு வருடம் இந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அதை இன்றா சொல்ல வேண்டும்?

மகன் 'எழுத்துப் பிழையால்' என்று அடித்தான். நிறுத்தச் சொன்னேன். இது எழுத்துப் பிழை இல்லை, ஓர் எல்லையையே மாற்றி வைத்த பிழை, 'தட்டச்சு செய்தவரின் தவறால்' என்று போடு என்றேன். "அதெல்லாம் தேவையில்ல அத்தை, எந்த ஆபீஸ்லயும் கேக்க மாட்டாங்க." யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் போடு என்றேன். போட்டான். படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 16, புதன்

மேஸ்திரி வந்து தட்டிப் பார்த்தார். வீடு தெருவை ஒட்டி நிற்கிறது, முன்னால் இடம் இல்லை. கீழ் அறையின் மேல்தளத்தை வெட்டி உள்ளேயே இரும்புப் படி இறக்கலாமாம். "அப்புறம் நீங்க எங்கம்மா இருப்பீங்க?" என்றார்.

டீச்சரிடம் சொன்னேன். போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். "வெட்டற நாள்ல பிள்ளைங்களுக்கு லீவு விட்டுடறேன்" என்றாள். இவ்வளவுதானா? 

மே 8, வியாழன்

பேக்கரிக்காரருக்கு வீடு பதிவாகிவிட்டது. என் முதல் தரகு, நேரே இரும்புப் படி செய்யும் வெல்டர் கைக்குப் போனது. ரயில்காரர் சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வேனில் ஏறினார். அவர் மனைவி மட்டும் என் வாசல் போர்டை வாசித்துப் பார்த்தாள்.

மே 13, செவ்வாய்

உள்ளே இரும்புப் படி தயாரானதும் பழைய படியை இடித்தார்கள். ஒரு காலைப்பொழுதுதான் ஆனது. புதுச் சுவர் எழும்பும்வரை ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்பேன்.

ஜூன் 12, வியாழன்

மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளை அறை நடுவில் இறங்கும் படியைப் பார்த்தார், அதன் அடியில் கிடக்கும் என் கட்டிலைப் பார்த்தார். நான்கு மணிக்குப் பிள்ளைகள் வந்தன. இருபத்தாறு ஜோடிக் கால்கள் எங்கள் தலைக்கு மேல் தடதடவென்று ஏறின. தூசு அவருடைய டீயில் விழுந்தது. அவர் கோப்பையைக் கையால் மூடிக்கொண்டு, "வாடகை ஒழுங்கா வருதா அத்தை?" என்று மட்டும் கேட்டார். வருகிறது என்றேன். மூன்று மாதமாக அவரிடம் நான் சொல்லும் முதல் உண்மை.

அவர்கள் போனதும் ஒரு வீட்டைப் பார்க்கப் போனேன். விற்பவர் பத்திரத்தை நீட்டினார்.   அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனேன்.