பட்டியலில் பதினான்காவது

ஜூலை 9, வியாழன்

கட்டுரையை ஒருவழியாக இதழுக்கு அனுப்பிவிட்டேன். ஆனாலும் படுக்கப் பிடிக்கவில்லை.

அதன் மேற்கோள் பட்டியலில் பதினான்காவதாக, என்னோடு ஆராய்ச்சி செய்த தோழி உமாவின் கட்டுரை இருந்தது. பருத்திப்பட்டு ஏரியில் முழங்கால் தண்ணீரில் நின்று பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் பிடித்து வந்து ஆராய்ந்து அவள் எழுதிக்கொண்டிருந்தது. பக்கத்தில் 'வெளிவரவுள்ளது' என்று போட்டிருந்தேன். அவள் உயிரோடு இருந்தபோது போட்டது. வெளிவராத எதையும் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று இதழிலிருந்து நேற்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்களைச் சொல்லி என்ன?

எழுதியவரைக்கும் கிடைத்தால் நானே முடித்து, அவள் பெயரில் எங்கேயாவது வெளியிட்டுவிடலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் காட்டுப்பாக்கத்தில் இருக்கும் அவள் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அவ லேப்டாப்பாமா? அதுல இருந்ததெல்லாம் அழிச்சிட்டு என் பொண்ணுக்குக் குட்த்துட்டேன். காலேஜுக்கு வோணும்னு கேட்டுகினே இருந்தா." பிறகு, "இன்னாமா, எதுனா முக்கியமானதா?" என்றார்.

"இல்லண்ணா, சும்மாதான் கேட்டேன்."

போனை வைத்துவிட்டு, பட்டியலில் உமாவின் வரியை அழித்தேன். பதினைந்து தானாகவே பதினான்கு ஆனது. பதினாறு பதினைந்தானது. கட்டுரைக்குள் இருந்த மேற்கோள் எண்களும் கண்மூடித் திறப்பதற்குள் மாறிக்கொண்டன. நம்பாமல் மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தேன். எங்கேயும் எண் விட்டுப்போகவில்லை.

ஒரு இடத்திலாவது விட்டுப்போயிருக்கலாம்.