தேய வேண்டியது

பிப்ரவரி 8, ஞாயிறு

படகை இன்று கரையேற்றினோம். மாதக்கணக்கில் பின்பக்கம் ஒரு சாண் தாழ்ந்தே மிதந்துகொண்டிருந்தது. எஞ்சினைத் தாங்கும் பிராக்கெட்டுக்குள் தண்ணீர். அது படகின் பின்சுவரில் போல்ட் போட்டு மாட்டிய அலுமினியப் பெட்டி. உள்ளே காற்று மட்டும்தான் இருக்க வேண்டும். அடியில் உள்ள மூடியைத் திருகியதும் குழாய் திறந்த மாதிரி ஊற்றியது.

"உன் தம்பியோட கைவேலை," என்றார் இவர்.

போன மழைக்காலத்தில் தம்பி தனியாக எடுத்துப் போனபோது முகத்துவாரத்தில் படகு தரை தட்டியது. பெட்டியின் கீழ்மூலையில் ஒரு நசுங்கல். துறையில் நாலு பேர் பார்க்க இவர் அவனிடம், "படகு ஓட்டுறியா, மாடு மேய்க்கிறியா?" என்று கேட்டார். அவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு தம்பி இந்த வீட்டுப் படி ஏறவில்லை. படகு இருவருக்கும் பொது. ஞாயிறுதோறும் சண்டை போட்டுக்கொண்டே மீனுக்குப் போவார்கள், சண்டை போட்டுக்கொண்டே திரும்புவார்கள். இப்போது சண்டைகூட இல்லை. வீடு ரொம்ப சுத்தமாக இருக்கிறது.

பிப்ரவரி 10

மழை. வேலை நடக்கவில்லை.

பிப்ரவரி 12

தம்பி வீட்டுக்குப் போனேன். பத்திரிகையில் இருந்த காலமெல்லாம் இரண்டு பக்கமும் கேட்டுத்தான் எழுதினேன். வீட்டு விஷயத்தில் மட்டும் ஏன் ஒரு பக்கம் போதும் என்று இருந்தேன்?

ஒரு மேசை விசிறியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"மணல்லதான் தட்டுச்சுக்கா. கல்லுன்னா சத்தமே வேற."

"அதை வந்து அவர்கிட்ட சொல்லேன்டா."

"கூப்பிடட்டும், வர்றேன்."

அவ்வளவுதான். வாசல்வரை வந்தவன், "எஞ்சினைக் கழட்டி எப்படி வச்சிருக்காரு? படுக்கப் போட்டா எண்ணெய் இறங்கிடும், நிக்க வைக்கச் சொல்லு," என்றான். பிறகு, "நான் சொன்னேன்னு சொல்லாதே."

வீட்டுக்கு வந்து சொன்னேன். "அவன் சொன்னானா?" என்றார். கேட்டுக்கொண்டே எஞ்சினைத் தூக்கி நிறுத்தி, தூணோடு சேர்த்துக் கட்டினார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

பிராக்கெட்டைக் கழற்றிக் கொல்லைப்புறத்தில் இரண்டு கட்டைமேல் வைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பினார். எங்கே கசிகிறதோ அங்கே ஓட்டை. நசுங்கிய மூலைக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார், கோர்ட்டில் சாட்சிக்குக் காத்திருப்பவர் மாதிரி.

மூலை காய்ந்தே இருந்தது. எதிர்ப்பக்கம் வெல்டு ஓரத்தில்தான் நீர் அரும்பியது, நெற்றி வியர்வை போல. பெயிண்ட் உப்பியிருந்த இடமெல்லாம் முத்து முத்தாக.

"சரி," என்றார்.

"சரின்னா? என்ன சரி?"

"தண்ணி வேற இடத்துல வருது."



பிப்ரவரி 17

பெயிண்டைச் சுரண்ட இவருக்கு நாள் முழுவதும் ஆனது. தப்பு அவருடையதுதான், வருஷம் தவறாமல் படகுக்கு வெள்ளை அடிப்பவர். கையில் பிரஷ் இருந்தால் அசையாத எதையும் விடமாட்டார். ஒருமுறை வாசலில் கிடந்த என் செருப்புக்கும் ஒரு கோடு விழுந்தது.

பெயிண்டுக்கு அடியில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. ஒரு இடத்தில் ஆணியால் குத்தியதும் அது உள்ளே போய்விட்டது. பக்கத்திலேயே ஜிங்க் கட்டி. உப்புத் தண்ணீர் முதலில் அதைத் தின்னட்டும், அலுமினியத்தை விட்டுவிடட்டும் என்றுதான் அதை அங்கே திருகி வைப்பது. எல்லாப் படகிலும் அது தேயும், மாற்றுவார்கள். "நம்ம ஜிங்க் அஞ்சு வருஷமா அப்படியே இருக்கு. சரக்கு அப்படி," என்று இவர் துறையில் பெருமையடிப்பார்.

இன்று அதன்மேல் இருந்த பெயிண்டையும் உரித்தார். கட்டி புத்தம் புதிதாக இருந்தது. முனைகூட மழுங்கவில்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மூடி வச்சா இதை எது தின்னும்?" என்னிடம் கேட்கவில்லை.

கட்டியைக் கொண்டுவந்து சமையலறை ஜன்னலில் வைத்தார். ஏன் என்று கேட்டிருக்கலாமோ? வேண்டாம்.

பிப்ரவரி 18

கட்டி ஜன்னலில் அப்படியே இருக்கிறது. தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் அதைப் பார்க்கிறார். நிறையத் தண்ணீர் குடிக்கிறார்.

பிப்ரவரி 21

வெல்டர் வந்தார். "மேலாப்புல அடைச்சுட்டுப் போகச் சொல்றீங்க. பல்லு மாதிரிதாங்க இது, சொத்தையை எடுக்காம அடைச்சா நிக்காது," என்று அரித்த பாகத்தை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார். மறுபடி தண்ணீர் நிரப்பினோம். ஒரு சொட்டு இல்லை.

போகும்போது, "இந்த நசுங்கலையும் நிமிர்த்திடவா?" என்றார்.

"இருக்கட்டும். அதுல ஒண்ணுமில்ல," என்றார் இவர்.

அதுல ஒண்ணுமில்லையாம். இத்தனை மாசம் கழிச்சு, அதுவும் வெல்டர்கிட்ட! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுப்படிக்குள் போய்விட்டேன்.

மார்ச் 1, ஞாயிறு

பிராக்கெட்டை மாட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே போல்ட்டை முடுக்க, ஒருவர் படகுக்குள் பின்னறையில் படுத்து நட்டைப் பிடிக்க வேண்டும். நான் நுழைந்து பார்த்தேன். தோளோடு நின்றுவிட்டேன்.

"உன் தம்பின்னா போயிடுவான்," என்றார்.

"போவான். யாரு கூப்பிடறது?"

ஸ்பானரைக் கீழே வைத்தார். பிறகு வீட்டுக்குள் போய், ஜன்னலில் இருந்த கட்டியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தே கிளம்பினார்.

இரண்டு பேராகத் திரும்பி வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று தம்பி பிறகு சொன்னான். விசிறிக்குப் பக்கத்தில் கட்டியை வைத்து, "நசுங்கினதால இல்ல மாப்ளே. இதுமேல நான் அடிச்ச பெயிண்டால," என்றாராம். வேறொன்றும் சொல்லவில்லையாம். மீதியை நானே கேட்டேன், படகின் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று.

"பிடிச்சியா?"

"பிடிச்சேன் அத்தான்."

"நழுவுதுடா."

"மாடு மேய்க்கிறவனுக்கு நட்டு பிடிக்கத் தெரியுமா?"

ஸ்பானர் நின்றது.

"அன்னைக்கு நாலு பேர் முன்னாடி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"என்ன அத்தான்? உள்ள கேக்கல."

"கேட்டுச்சு உனக்கு."

"சத்தியமா கேக்கல."

"அடுத்த நட்டைப் பிடி."

அதே கட்டியைச் சுத்தமாகத் தேய்த்துத் திரும்ப மாட்டினார்கள். நான் மூன்று தட்டு வைத்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

படகு நேராக மிதக்கிறது. காலையில் ரெண்டு பேரும் போனார்கள். மீன் இல்லை. யார் குற்றம் என்று இன்னும் முடிவாகவில்லை.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

மறுபடி கரையேற்றி, வருஷ வேலை. பெட்டிக்குள் ஈரம்கூட இல்லை. கட்டி பாதியாகிவிட்டது, சொறி பிடித்த மாதிரி குழி குழியாக இருக்கிறது. இவர் அதைத் தடவிப் பார்த்து, "பரவாயில்ல, நல்லா தேயுது," என்றார். போன வருஷம் தேயாததற்குப் பட்ட அதே பெருமை.

சாயங்காலம் வெள்ளை டப்பாவைத் திறந்தார். அவர் பிராக்கெட்டுக்கு அடித்து முடிக்கும்வரை தம்பி குத்துக்காலிட்டு, கட்டியைக் கையால் பொத்திக்கொண்டு பக்கத்திலேயே இருந்தான்.

சாப்பிட உட்கார்ந்தபோது பார்த்தேன். அவன் புறங்கை முழுக்க வெள்ளை.