கரிக்கலாம்பாக்கம் ஸ்டாப்

ஐப்பசி 9, திங்கள்
விடாத மழை. துவைத்தது எதுவும் காயவில்லை. முதியோர் இல்லம் முழுக்க ஈர வாடை.

மூன்று மணிக்கு ஹாலில் பஸ் கேம். டிவி முன்னால் ஸ்டீயரிங். ரஷீத் பாய் நிஜ பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்த பிறகு இடது கை அசைந்ததே இந்த கேமால்தான். பின்னால் இரண்டிரண்டாக பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுவில் வழி, டிவி பக்கத்து வாசல்தான் இறங்கும் வாசல். ஆயா வேலையோடு நான்தான் கண்டக்டர். ஒரு விசில் நிறுத்த, இரண்டு விசில் கிளம்ப. திரையில் ஏதோ வெளிநாட்டுப் பனிமலை. "வில்லியனூர் எல்லாம் எறங்கு!" என்று கத்துகிறார் பாய். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

தனம்மா மஞ்சப்பையோடு முதல் ஆளாக வந்து கடைசி வரிசையில். போன வாரம் தன் ஊரான கரிக்கலாம்பாக்கத்தில் 'இறங்கி', நேரே கேட் வரை நடந்து, "என் வூடு எங்கடி?" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். வீடு, நிலம் எல்லாம் மகன் விற்று மனையாகிவிட்டது. அதைச் சொல்ல யாருக்கு மனசு வரும்? பிரஷர் எகிறியது. சிஸ்டர் உத்தரவு: அந்த ஸ்டாப்பில் இனி விசில் கூடாது.

ஐப்பசி 10, செவ்வாய்
முட்டிவலித் தைலம் தீர்ந்தது. டயபரும் வாங்க வேண்டும்.

தனம்மா: "ஊரு வந்துடுச்சு. விசில் அடிடி."
"இன்னிக்கி எக்ஸ்பிரஸ்மா. நிக்காது."
"நேத்தும் இதத்தானடி சொன்ன?"

பாய் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஐப்பசி 12, வியாழன்
வெயில். தனம்மா கஞ்சி இரண்டு வாய்தான். பஸ்சுக்கு மட்டும் வந்துவிட்டார். இன்று கேட்கவில்லை. ஊர் வந்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

விசிலை அடித்துத் தொலைத்திருக்கலாம். அடிக்கவில்லை.

ஐப்பசி 13, வெள்ளி
தனம்மா போய்விட்டார். தூக்கத்திலேயே. மகன் வந்தான். பை வேண்டாமாம். "நீங்களே தூக்கிப் போட்ருங்க."

நாற்காலியிலேயே மாட்டிவிட்டேன். கண்ணை மூடினால் அந்தப் பார்வை. பயமாக இருக்கிறது.

ஐப்பசி 16, திங்கள்
மறுபடி மழை. இன்று பஸ் வேண்டாம் என்றார் சிஸ்டர். பாய் விடவில்லை. எல்லாரும் அவரவர் இடத்தில். கடைசி வரிசையில் பை மட்டும்.

வில்லியனூர் தாண்டியது. கொஞ்ச தூரம் போய் பாய் வேகத்தைக் குறைத்தார். நின்றேவிட்டது.

"யாரும் எறங்கல பாய். போங்க."
"ஆளு எழுந்துடுச்சும்மா. விசில் அடி."

விசிலை வாயில் வைத்தேன். ஒரு விசில்.

கடைசிக்கு முந்தின வரிசையில் முட்டிகள் உள்ளே போயின. பிறகு அதற்கு முன் வரிசை. பிறகு அதற்கும் முன்னால். ஒவ்வொருவராகக் காலை இழுத்துக்கொண்டு வழி விட்டார்கள். "பாத்து எறங்கு, ஈரமா கீது" என்றது யாரோ.

நானும் வாசலை விட்டு விலகி நின்றேன்.