சொந்தக் கரண்டி

பிப்ரவரி 3

காலையில் அகழாய்வுக் குழிக்குப் போனதும் சாமான் பெட்டியைத் திறந்தேன். மண்வெட்டி இருந்தது, கூடை இருந்தது, தூரிகை இருந்தது. கொத்துக்கரண்டி ஒன்றுகூட இல்லை. ஏன் என்று கேட்கவில்லை. நான் எதைத்தான் கேட்டேன்?

மதியம் மேற்பார்வையாளரே சொன்னார்: "இனிமே அவங்கவங்க கரண்டியை அவங்கவங்களே கொண்டு வரணும். நீங்க யாரும் கூலி ஆள் இல்ல, சுயதொழில் செய்றவங்க. உங்களுக்கு நீங்களே முதலாளி!"

கை தட்டினோம். நானும்தான். நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டோம்.

பிப்ரவரி 5

அக்கா இரண்டு கரண்டி வாங்கி வந்தாள். வியர்வையில் வழுக்காமல் இருக்கப் பிடியில் நூல் சுற்றினாள். எனக்குச் சிவப்பு, அவளுக்கு நீலம்.

"ஒன்பதாவதோட நின்னவ முதலாளி ஆயிட்டாம்மா!" என்றாள் என்னைக் காட்டி.

"அப்படியா? முதலாளியம்மா, ரெண்டு பாத்திரம் கிடக்கு, கழுவிட்டுத் தூங்குங்க" என்றாள் அம்மா.

பிப்ரவரி 17

குழியின் கிழக்குச் சுவரில் ஒரு விரிசல். சுவரைக் கொஞ்சம் சரிவாக வெட்டிக்கொள்ளட்டுமா என்று அக்கா கேட்டாள். மேற்பார்வையாளர் விடவில்லை. நாளை படம் எடுக்க வருகிறார்களாம். சுவர் செங்குத்தாக இருந்தால்தான் மண் அடுக்குகள் வரிவரியாகத் தெரியுமாம்.

"சொன்னதை மட்டும் செய்."

பிப்ரவரி 18

சுவர் சரிந்துவிட்டது. அக்கா உள்ளே. வெறுங்கையால் மண்ணை அள்ளினேன்.

உயிருக்கு ஒன்றுமில்லை. வலது கை முறிந்துவிட்டது.

பிப்ரவரி 20

மருத்துவச் செலவு கேட்டு அம்மாவும் நானும் மேற்பார்வையாளரிடம் போனோம்.

"சொந்தக் கடையில வழுக்கி விழுந்தா யாரும்மா காசு தருவா? கரண்டிகூட அவளோடதுதான். அவ தனி முதலாளி." பிறகு என்னைப் பார்த்தார். "மாசக் கடைசிக்குள்ள வரி ஆபீசுல சுயதொழில்னு பதிஞ்சிடு. வரியையும் இனி நீயேதான் கட்டணும். பதியலைன்னா குழிப்பக்கம் வராதே."

முதலாளியாம் முதலாளி! எந்த முதலாளிகிட்ட இன்னொருத்தன் வந்து, இத்தனை மணிக்கு வா, இந்த மூலையில உக்காரு, இப்ப டீ குடின்னு சொல்றான்? சுவரைச் சரிவா வெட்டக்கூட விடலையே! கண்டெடுக்கிற பானை அவங்களுக்கு, உடையிற எலும்பு எங்களுக்கா?

இதையெல்லாம் அங்கேயே கேட்டிருக்கணும். வாயைத் தைச்சா வச்சிருந்தாங்க?

பிப்ரவரி 23

நான் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா நீலக் கரண்டியை எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள்.

"எங்கம்மா?"

"கடை தொறக்க."

மேற்பார்வையாளர் வாசலிலேயே மறித்தார். "நீங்க எங்க உள்ள வர்றீங்க?"

"பெரியவளுக்குக் கை முடியல. அவ கடையை நான் பாத்துக்கிறேன்."

"ஆள் மாத்தி அனுப்புறதெல்லாம் இங்க கிடையாது. நான் எடுத்த ஆள்தான் வேலை செய்யணும்."

"அப்ப கடை யாருதுய்யா?"

குழிக்குள் யாரோ சிரித்தார்கள். அவர் முகம் கறுத்தது. அம்மாவை விட்டுவிட்டு என்மேல் பாய்ந்தார்: "வேடிக்கை என்ன வேண்டிக்கிடக்கு? இறங்கு!"

இறங்கினேன். அம்மா கரண்டியோடு தனியாகத் திரும்பி நடந்தாள்.

நான் எதற்கு இறங்கினேன்?

பிப்ரவரி 26

குழியில் எல்லோரும் பதிந்துவிட்டார்கள். நான்தான் பாக்கி.

"ரோஷம் சோறு போடாது. இப்ப வீட்டுல உன் கூலி ஒண்ணுதான். பேசாம பதிஞ்சுட்டு வா" என்கிறாள் அக்கா, இடது கையால் தலை வாரிக்கொண்டே. வகிடு எடுக்க வரவில்லை. நான் எடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 28

வரி அலுவலகம். துணைக்கு அக்கா வந்திருந்தாள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரி நிமிராமலே கேட்டார்.

"சுயதொழிலா? சொந்தக் கருவி இருக்கா?"

பையிலிருந்து சிவப்புக் கரண்டியை எடுத்துக் காட்டினேன். அவர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"உன்னால போக முடியாதப்போ வேற ஆளை அனுப்பலாமா?"

அக்காவைப் பார்த்தேன். பின்னால் வரிசையில் யாரோ சலித்துக்கொண்டார்கள்.

"வாயைத் திறந்து சொல்லும்மா."

"அக்காவுக்காக எங்கம்மா போனாங்க. உள்ளயே விடல."

பேனா நின்றது. என்னைப் பார்த்தார், பிறகு அக்காவின் கையிலிருந்த மாவுக்கட்டைப் பார்த்தார்.

"வேலையை எப்படிச் செய்யணும்னு யார் முடிவு பண்றது? அதுவும் அவங்கதான்னா, இது சுயதொழில் இல்லையே."

அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். "சொல்லாதடி, வேலை போயிடும்."

எதிரே இருந்த நாற்காலியை இழுத்து அவளை உட்கார வைத்தேன். விரிசலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.